அழைப்பும் இல்லறமும்: இங்கிலாந்துத் திருச்சபையின் ஒருபால் திருமண விவாதம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

திருமணம் என்பது காலங்கடந்த, மாறுதலற்ற ஒரு நிறுவனம் என்ற எண்ணம் சமயவாதிகளிடம் மட்டுமன்றி, அவர்களை எதிர்ப்போரிடமும் பல வேளைகளிற் காணப்படுவதொன்றாகும். முன்னையோர் அம்மாறாமையைப் போற்றுகின்றனர். பின்னையோர் அதனைப் பழிக்கின்றனர். இரு சாராரும் வரலாற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. அண்மைக் காலத்தில் ஒருபாலினர் திருமணம் பற்றி இங்கிலாந்தில் நிகழ்ந்த விவாதம் இதற்குத் தக்கதோர் உதாரணமாகும்.

2013 மே 21 ஆந் திகதி ஒருபாலினர் திருமணச் சட்டமூலம் பிரித்தானியப் பொதுமக்கள் சபையில் 366 வாக்குகளுக்கு எதிராக 161 என்ற கணக்கில் நிறைவேறியது. யூலை 17 இல் அது அரச ஒப்புதலைப் பெற்று, இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய சட்டமாயிற்று. இச்சட்டத்திற்கு ஒப்புதல் வழங்கிய அரசியார் அதே வேளையில் இங்கிலாந்துத் திருச்சபையின் உச்ச ஆளுநராகவும் இருந்தார். எனினும் அத்திருச்சபை சட்டத்தின் பிரயோகத்திலிருந்து விலக்களிக்கப்பட்டது. அதன் ஆலயங்களில் இத்தகைய திருமணங்கள் நடைபெற இயலாது. அது மட்டுமன்று, திருச்சபையின் பொதுநிலையினர் ஒருவர் நகரப் பதிவகத்திற் சென்று தம்பாலைச் சேர்ந்த ஒருவரை மணந்தால், அவர் திருச்சபையில் தொடர்ந்து அங்கம் வகிக்கலாம், நற்கருணையும் பெறலாம். ஆனால் குருவானவர் ஒருவர் அதையே செய்தால் அது ஒழுக்க மீறலாகும். ஒரே சட்டம், ஒரே பதிவகம், ஒரே செயல். ஆயின் பலன்கள் இரண்டு.

இவ்வேறுபாட்டுக்குக் கூறப்படும் நியாயம் 'அழைப்பு' என்பதாகும். இறைவனால் அழைக்கப்பட்டுத் திருநிலைப்படுத்தப்பட்டவருக்குப் பொதுநிலையினருக்கு இல்லாத பொறுப்பு உண்டு என்பதே அந்நியாயம். இவ்வழைப்பு என்னும் கருத்துக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதையும், இங்கிலாந்துத் திருச்சபை எந்த இரட்டை அறத்தை மறுத்துத் தோன்றியதோ அதே இரட்டை அறத்தை இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் கட்டியெழுப்பிற்று என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

இல்லறம், துறவறம் என வாழ்க்கையை வகுத்து நோக்கும் மரபிற் பயின்ற நமக்கு, மத்தியகால ஐரோப்பியக் கிறித்தவத்தின் பாகுபாடு விளங்கிக்கொள்வதற்கு அரிதானதன்று. அக்காலத்தில் அழைக்கப்பட்டோர் என்போர் துறவிகளும் குருமாருமேயாவர். உழவரும் கம்மியரும் வணிகரும் உலகியலிற் பட்டவர்கள். அவர்தம் தொழில் எதுவும் அழைப்பாகக் கருதப்படவில்லை. ஆயினும் குருமார் மணஞ்செய்யாதிருத்தல் தொடக்கத்திலிருந்தே ஒருசீராக நிலவிய வழக்கன்று. மேலைத்தேயத் திருச்சபையில் மணமான குருமார் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தனர். 1123 ஆம் ஆண்டிலும் 1139 ஆம் ஆண்டிலும் கூடிய முதலாம், இரண்டாம் லாத்தரன் சங்கங்களே குருமாரின் திருமணத்தைத் தடுத்தும், செய்த திருமணம் செல்லாதெனக் கூறியும் இறுதி முடிவு செய்தன.

இம்முடிவுக்குச் சடங்குத் தூய்மை பற்றிய பதினோராம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகளின் உள்ளார்ந்த ஆர்வம் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதனோடு இணைந்து தொழிற்பட்ட பொருளியற் காரணியை ஒதுக்கிவிடவும் முடியாது. நிலமே செல்வத்தின் வடிவமாயிருந்த மானிய அமைப்பிற் பெருநிலவுடைமை நிறுவனங்களுள் ஒன்றாகத் திருச்சபை விளங்கிற்று. மணமான குருவுக்குப் பிள்ளைகள் உண்டு. பிள்ளைகளுக்கு உரிமை கோரும் வாய்ப்பு உண்டு. திருச்சபைச் சொத்து குடும்பச் சொத்தாகச் சிதறிவிடாது காப்பதற்குக் குருவின் பிரமசரியம் வாய்ப்பானதொரு வழியாயிற்று. பொருளியலை மட்டும் கொண்டு சமய வரலாற்றை விளக்குதல் கொச்சை மார்க்சியமாகும். பொருளியலை விடுத்து விளக்குதலோ வரலாறே ஆகாது.

பதினாறாம் நூற்றாண்டின் மதச் சீர்திருத்தம் தாக்கியது இப்பாகுபாட்டையேயாம். துறவியாயிருந்த மார்ட்டின் லூதர் 1525 இல், கன்னிமடத்தை விட்டு வெளியேறிய கத்தரீனா ஃபொன் போறா என்பவரை மணந்தார். அச்செயலுக்குப் பின்னணியில் ஒரு கோட்பாடு இருந்தது. செருப்புத் தைப்பவனின் தொழிலும் தாயின் பணியும் குருத்துவத்திற்குக் குறையாத அழைப்புகளே என்பது லூதரின் போதனை. இக்கருத்துக்கும் முதலாளித்துவத்தின் வளர்ச்சிக்கும் இடையிலான தொடர்பினை மக்ஸ் வெபர் 1904-05 இல் எழுதிய கட்டுரைகளில் ஆராய்ந்தார். கருத்தே பொருளாதாரத்தை இயக்கிற்று என்னும் வகையில் அவ்வாய்வை வாசிப்பதை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அழைப்பு என்ற சொல்லின் பொருள் விரிவும், உழைப்பின் சமூக மதிப்பில் நேர்ந்த மாற்றமும் ஒரே காலத்தன என்பது கவனத்திற்குரியது.

இங்கிலாந்தில் இம்மாற்றம் இடருடனேயே நிகழ்ந்தது. கன்ரபெரிப் பேராயராயிருந்த தோமஸ் கிரான்மர் 1532 இலேயே ஜெர்மனியில் இரகசியமாக மணம் புரிந்திருந்தார். 1549 இல் குருமார் திருமணம் சட்டத்தால் அனுமதிக்கப்பட்டது. மேரி அரசியின் ஆட்சி தொடங்கிய 1553 இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. மணமான குருமார் பலர் பதவி இழந்தனர். மனைவியரைப் பிரியுமாறும் பணிக்கப்பட்டனர். எலிசபெத் அரசி புரட்டஸ்தாந்து மதத்தை மீட்டாரெனினும், 1559 ஆம் ஆண்டின் அவரது கட்டளைகள், குரு ஒருவர் மணக்க விரும்பும் பெண்ணை ஆயரும் சமாதான நீதவான் இருவரும் விசாரித்து அனுமதிக்க வேண்டும் என விதித்தன. 1571 இல் உறுதிசெய்யப்பட்ட முப்பத்தொன்பது விசுவாசப் பிரமாணங்களுள் முப்பத்திரண்டாவது, ஆயரோ குருவோ உதவிக்குருவோ மணமின்றி வாழ வேண்டுமென்பது இறைவனின் கட்டளையன்று என்றும், ஏனைய கிறித்தவரைப் போல அவர்களும் தம் விவேகப்படி மணஞ் செய்யலாம் என்றும் கூறிற்று. எனினும் 1604 ஆம் ஆண்டிலேயே அத்திருமணங்களுக்கு ஐயந்திரிபற்ற சட்ட நிலை மீண்டுங் கிடைத்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் குருவின் மனைவி என்பவள் திருச்சபையாற் பொறுத்துக்கொள்ளப்பட்டவளாகவும், சட்டத்தால் முழுமையாக ஏற்கப்படாதவளாகவும் வாழ்ந்தாள். இன்று மரபின் சின்னமாகப் போற்றப்படும் குருமனைக் குடும்பம் அன்றைய அவதூறுகளுள் ஒன்றாயிருந்தது என்பதை மறத்தலாகாது.

3

பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் அழைப்பு நடைமுறையில் எவ்வாறு இயங்கிற்று என்பதை அறிய, சமய நூல்களினும் நாவல்களே சிறந்த சான்றுகளாகும். பங்குக்குரிய வருமானத்துடன் கூடிய குருப்பதவியை வழங்கும் உரிமை பெரும்பாலும் நிலவுடைமையாளரின் கையில் இருந்தது. அவ்வுரிமையை விற்கவும் வாங்கவும் முடிந்தது. ஜேன் ஒஸ்ரினின் 'பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்' (1813) நாவலில் வரும் கொலின்ஸ் என்னும் குருவானவர் தம் பதவியைப் பிரபுக் குடும்பத்துப் பெண்மணி ஒருவரின் தயவாற் பெறுகின்றார். அவரது அறிவுரையின் பேரிலேயே மணப்பெண் தேடியும் புறப்படுகின்றார். மறுவருடம் வெளிவந்த 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்'கில் இளைய மகனுக்கெனக் குடும்பத்தார் ஒதுக்கிய பங்கும், அவனது உண்மையான சமய ஈடுபாடும் ஒன்றோடொன்று உராய்கின்றன. ஒஸ்ரினும் குருவானவர் ஒருவரின் மகளே.

குருமாரின் திருமணம் இக்காலத்தில் ஆன்மிகப் பிரச்சினையாக அன்றி, வர்க்கத் தகுதியின் அடையாளமாகவே விளங்கிற்று. குருவின் இல்லம் பங்கு மக்களுக்கு முன்மாதிரியான குடும்பமாகக் காட்டப்பட்டது. அம்முன்மாதிரி, உழைக்கும் மக்களுக்கு ஒழுக்கம் கற்பிக்கும் நடுத்தரவர்க்கக் குடும்பத்தின் முன்மாதிரியேயாகும். குருவானவர் மக்களுக்கு முன்மாதிரியாக வாழ வேண்டுமென்ற பிற்கால வாதம் இவ்வரலாற்றின் வழிவந்ததே.

4

திருமணத்தின் வரைவிலக்கணமும் இதே காலப்பகுதியில் நிலையாக இருந்ததில்லை. 1753 ஆம் ஆண்டுச் சட்டம் திருமணத்தைப் பகிரங்க அறிவித்தலுக்கும் பதிவுக்கும் உட்படுத்திற்று. 1836 ஆம் ஆண்டுச் சட்டம் ஆலயத்திற்குப் புறம்பான பதிவுத் திருமணத்திற்கு வழிவகுத்தது. 1857 இல் மணமுறிவு பற்றிய அதிகாரம் திருச்சபை நீதிமன்றங்களிடமிருந்து அரச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. சொத்துடைமையிலும் சமூக உறவுகளிலும் ஏற்பட்ட மாற்றங்களுக்கு ஏற்ப, முதலாளித்துவ அரசு படிப்படியாகத் திருமணத்தைத் தனதாக்கிக்கொண்டது.

நமது ஆய்வுக்கு மிகவும் இன்றியமையாதது 1907 ஆம் ஆண்டுச் சட்டமாகும். இறந்த மனைவியின் சகோதரியை மணத்தல் இங்கிலாந்துச் சட்டத்தில் நெடுங்காலம் தடைசெய்யப்பட்டிருந்தது. கணவனும் மனைவியும் ஓருடலாவர் என்பதால் மனைவியின் தங்கை கணவனுக்கும் தங்கையே என்பது சமய வாதம். மனைவி இறந்தபின் அவள் தங்கையை மணந்து, தாயற்ற பிள்ளைகளை வளர்ப்பதை இயல்பான செயலாகக் காணும் தமிழ் வாசகர்களுக்கு, இத்தடையே விந்தையாகத் தோன்றலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அத்தடையை நீக்கும் முயற்சிகள் நாடாளுமன்றத்தில் மீண்டும் மீண்டும் எடுக்கப்பட்டன. ஆயர்கள் அவற்றை உறுதியாக எதிர்த்தனர். ஈற்றில் 1907 இற் சட்டம் நிறைவேறியபோது இரண்டு விதிகள் அதிற் சேர்க்கப்பட்டன. மனச்சாட்சி இடந்தராத குருவானவர் அத்தகைய திருமணத்தை நடத்திவைக்க மறுக்கலாம் என்பது ஒன்று. குருவானவர் ஒருவர் தாமே தம் இறந்த மனைவியின் சகோதரியை மணந்தால், திருச்சபையின் தண்டனையிலிருந்து இச்சட்டம் அவரை விடுவிக்காது என்பது மற்றையது. பொதுநிலையினருக்குச் சட்டபூர்வமானது, குருவுக்குக் குற்றம்.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஒருபால் திருமணம் தொடர்பாக எழுந்த நிலை இதன் மறுபதிப்பே என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1907 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மணந்த ஒருவருக்கு நற்கருணை மறுத்த நொறிச் மறைமாவட்டத்துக் குருவானவர் ஒருவர் 1908 இல் நீதிமன்றத்தில் தோல்வியுற்றார். இன்று அத்திருமணத்தைப் பாவமெனக் கருதும் குருவானவரைக் காண்பது அரிது. வேதநூலின் பெயரால் எழுப்பப்பட்ட அரணொன்று, பெரும் ஆரவாரமின்றி, ஏறத்தாழ ஒரு தலைமுறையில் வழக்கிறந்தது.

திருமணத்தின் நோக்கம் பற்றிய போதனையும் மாறிற்று. கிரான்மரின் வழிபாட்டு நூல் திருமணத்திற்கு மூன்று நோக்கங்களைக் கூறியது. பிள்ளைப்பேறு முதலிலும், பாவத்தைத் தவிர்த்தல் அடுத்தும், ஒருவருக்கொருவர் துணையாதல் ஈற்றிலும் வைக்கப்பட்டன. 1908, 1920 ஆம் ஆண்டுகளிற் கருத்தடையைக் கண்டித்த லம்பெத் மாநாடு, 1930 இல் அதனை வரையறைகளுடன் ஏற்றுக்கொண்டது. 1980 இன் மாற்று வழிபாட்டு நூலில் துணையாதல் முதலிடம் பெற்றது. பிள்ளைப்பேற்றுக்கு அப்பாலும் இல்லறத்திற்குத் தன்னளவில் மதிப்புண்டு எனத் திருச்சபை ஏற்ற அன்றே, ஒருபாலினரின் வேண்டுகோளை மறுப்பதற்கான தருக்க அடிப்படையின் ஒரு பகுதி தகர்ந்துவிட்டது எனலாம்.

5

இங்கிலாந்துத் திருச்சபை இப்பிரச்சினையில் எப்பொழுதும் பிற்போக்காகவே நின்றது எனக் கூறுதல் வரலாற்றுக்கு முரணாகும். டெரிக் ஷேர்வின் பெய்லி என்னும் குருவானவர் 1955 இல் வெளியிட்ட, ஒருபால் உறவும் மேலைக் கிறித்தவ மரபும் பற்றிய ஆய்வு இத்துறையில் முன்னோடியானது. 1957 இல் வுல்ஃபென்டன் குழு, வயதுவந்த ஆடவர் தனிமையில் இணங்கிக் கொள்ளும் உறவைக் குற்றமாகக் கருதலாகாது என விதந்துரைத்தபோது, திருச்சபையிலும் அதற்கு ஆதரவு இருந்தது. பேராயர் மைக்கல் றம்சி பிரபுக்கள் சபையில் அச்சீர்திருத்தத்தை ஆதரித்தார். 1967 இற் சட்டம் மாற்றப்பட்டது. அவ்வாதரவின் அடிப்படை, பாவம் வேறு, குற்றம் வேறு என்பதாகும். அதாவது, அரசு விலகிக்கொள்ள வேண்டிய இடத்தைத் திருச்சபை ஏற்றது. தான் விலக வேண்டிய இடத்தை ஏற்கவில்லை.

1991 இல் ஆயர்கள் வெளியிட்ட 'மானிடப் பாலியல் பற்றிய பிரச்சினைகள்' என்னும் அறிக்கையே பின்னர் நிகழ்ந்த யாவற்றுக்கும் ஊற்றுக்கண். மனச்சாட்சியின்படி நிலையான ஒருபால் உறவில் வாழும் பொதுநிலையினரைத் திருச்சபை புறந்தள்ளலாகாது என்றும், குருமாருக்கோ அவர்தம் அழைப்பின் காரணமாக அவ்வாழ்வு அனுமதிக்கப்படாது என்றும் அது கூறிற்று. காலப்போக்கில், குருத்துவத்திற்கு விண்ணப்பிப்போர் இவ்வறிக்கையின்படி வாழ இசைவதாகக் கூற வேண்டியவராயினர். கலந்துரையாடலுக்கென எழுதப்பட்ட ஆவணம் சட்டத்தின் தகுதியைப் பெற்றது.

லூதரும் கிரான்மரும் தகர்த்த சுவர் இங்கு மீண்டும் எழுந்தமை தெளிவு. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. மத்தியகாலத்தில் எல்லாக் குருமாரும் மணமின்றி வாழவேண்டியிருந்தது. 1991 இன் பின்னரோ ஒரு பிரிவினர் மட்டுமே அவ்வாறு வாழப் பணிக்கப்பட்டனர். பிரமசரியம் ஓர் அழைப்பாயின் அது அழைக்கப்பட்டவனின் உள்ளத்தில் எழுவது. அவன் ஏற்கவோ மறுக்கவோ கூடியது. மறுக்க முடியாத அழைப்பு அழைப்பன்று, அது கட்டளை.

அக்கட்டளைக்குப் பணிந்தோரும் பாதுகாப்புப் பெறவில்லை என்பதை 2003 ஆம் ஆண்டு நிகழ்ச்சி காட்டிற்று. றெடிங் துணை ஆயராக நியமிக்கப்பட்ட ஜெஃப்ரி ஜோன், ஆடவர் ஒருவருடன் நெடுங்கால உறவில் வாழ்ந்தவராயினும், 1991 அறிக்கை விதித்தபடி உடலுறவைத் தவிர்த்து வாழ்வதாக வெளிப்படையாகக் கூறினார். ஆயினும் எதிர்ப்புக் காரணமாக அவ்வாண்டு யூலையில் அவர் அந்நியமனத்திலிருந்து விலக வேண்டியதாயிற்று. 2005 இற் சிவில் துணைமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, பிரமசரியம் காப்பதாயின் குருமார் அத்துணைமையிற் சேரலாம் என ஆயர்கள் அறிவித்தனர். 2014 பெப்ரவரியில் ஒருபால் திருமணஞ் செய்தல் குருமாருக்குத் தகாது என்றனர். பெயர் 'துணைமை' ஆயின் தகும். 'திருமணம்' ஆயின் தகாது.

இத்தடையின் பொருள் என்ன என்பதை உழைப்பின் நோக்கிலிருந்தும் காண வேண்டும். இங்கிலாந்துக் குருவானவர் பலருக்கு வேலையும் வீடும் ஒன்றே. பதவி போயின் உறைவிடமும் போகும். 2014 இல் தம் துணைவரை மணந்த குருவானவர் ஒருவருக்கு, அரச மருத்துவமனை ஒன்றில் ஆன்மிகப் பணியாளராக வேலை வழங்க மருத்துவமனை நிர்வாகம் முன்வந்திருந்தது. அப்பணிக்குத் தேவையான அனுமதியை ஆயர் மறுத்தார். வேலை வழங்கும் முடிவும் மீளப்பெறப்பட்டது. தொழில் நியாய சபையிலும் (2015), மேன்முறையீட்டு நியாய சபையிலும் (2016), மேன்முறையீட்டு நீதிமன்றிலும் (2018) அவர் தோல்வியுற்றார். சமத்துவச் சட்டம் சமய அமைப்புகளுக்கு வழங்கிய விதிவிலக்கே அவருக்கு எதிராக நின்றது. வேதனம் கொடுப்பது பொதுப்பணம். நோயாளர் பல மதத்தினர். ஆனால் வேலையின் கதவைத் திறப்பதும் மூடுவதும் ஆயரின் கை. அழைப்பு என்னும் புனிதச் சொல், தொழிலாளி ஒருவருக்குரிய பாதுகாப்பை இழக்கச் செய்யும் கருவியாகவும் தொழிற்பட முடியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

6

எதிர்த்தரப்பாரின் வாதத்தையும் நேர்மையுடன் நோக்குதல் ஆய்வாளர் கடனாகும். முப்பத்திரண்டாம் பிரமாணம் பேசும் திருமணம் ஆண்பெண் திருமணமே என்பது அவர்களது முதல் வாதம். இது வரலாற்றளவில் உண்மையே. பதினாறாம் நூற்றாண்டினர் வேறெதனையும் கருதியிருக்க இயலாது. ஆனால் அவ்வாறு நோக்கின், மணமுறிவு பெற்றோரின் மறுமணத்தை 2002 இலும், பெண்களின் குருத்துவத்தை 1992 இலும் ஏற்றுக்கொண்டமைக்கு விளக்கங் கூறவியலாது. 1994 மார்ச் 12 இல் பிரிஸ்ரல் பேராலயத்தில் 32 பெண்கள் குருக்களாகத் திருநிலைப்படுத்தப்பட்டபோது, அழைப்பின் உரிமையாளர் யார் என்ற வினாவுக்கு மரபு அளித்திருந்த விடை மாற்றப்பட்டுவிட்டது.

இரண்டாவது வாதம் வலிமை மிக்கது. தம்மிடத்தே ஒருபால் ஈர்ப்பு இருப்பதை ஒப்புக்கொண்டு, தாமே விரும்பிப் பிரமசரியத்தை மேற்கொண்ட குருமாரும் இங்கிலாந்தில் உளர். விதி மாறினால் தமது தியாகம் பொருளற்றதாகிவிடும் என அவர்கள் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தை ஏளனஞ் செய்தல் தகாது. ஆனால் தெரிவு என்பது ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் திறந்திருக்கும்போதே உண்டாவது. திருமணம் அனுமதிக்கப்பட்ட புரட்டஸ்தாந்துக் குருமாரிடையே மணமின்றி வாழ்ந்தோரின் துறவு எவ்வகையிலும் மதிப்பிழக்கவில்லை. கட்டாயம் நீங்கும்போதே துறவு அறமாகின்றது.

திருச்சபையினுள் நிகழ்ந்த போராட்டம் மேலிருந்து வந்ததன்று என்பதும் குறிப்பிடத்தக்கது. 2017 பெப்ரவரியில், மரபான போதனையை நிலைநிறுத்தும் ஆயர்களின் அறிக்கை திருச்சபையின் சட்டமியற்றும் அவையான பொதுச் சினொட்டின் முன் வைக்கப்பட்டது. அதனைக் கவனத்திற் கொள்ளும் பிரேரணைக்கு ஆயர் அவையில் 43 பேரும், பொதுநிலையினர் அவையில் 106 பேரும் ஆதரவளித்தனர். குருமார் அவையிலோ 93 பேர் ஆதரிக்க 100 பேர் எதிர்த்தனர், பிரேரணை தோற்றது. அழைப்பின் பெயரால் யாருக்கு விதி இயற்றப்பட்டதோ அவர்களே அதனை மறுத்தமை இவ்விவாதத்தின் திருப்புமுனை எனலாம். 2023 டிசெம்பரில் ஒருபால் இணையரை ஆசீர்வதிக்கும் மன்றாட்டுகள் வழமையான வழிபாட்டினுட் பயன்படுத்த அனுமதிக்கப்பட்டன. 2025 யூலையில் 1991 அறிக்கையைக் குருத்துவத் தேர்வுமுறையிலிருந்து நீக்குமாறு சினொட் வாக்களித்தது. எனினும் குருமாரின் ஒருபால் திருமணத் தடை அவ்வாண்டிலும் நீங்கவில்லை. பிரித்தானிய மெதடிஸ்த திருச்சபை 2021 இலும், ஸ்கொட்லாந்துத் திருச்சபை 2022 இலும் தம் ஆலயங்களில் ஒருபால் திருமணம் நடைபெற வழி செய்திருந்தமையோடு இதனை ஒப்புநோக்குதல் பயனுடையது.

7

இவ்விவாதத்தில் இங்கிலாந்துத் திருச்சபை தன் தயக்கத்திற்குக் கூறிவந்த காரணங்களுள் ஒன்று, முன்னைய குடியேற்ற நாடுகளிலுள்ள அங்கிலிக்கன் திருச்சபைகளின் எதிர்ப்பாகும். 1998 இன் லம்பெத் மாநாடு 526 வாக்குகளுக்கு 70 என்ற கணக்கில் ஒருபால் உறவை வேதநூலுக்கு மாறானதெனத் தீர்மானித்தது. 45 பேர் வாக்களிக்கவில்லை. ஆபிரிக்க, ஆசிய ஆயர் பலர் இதனை மேலைத்தேயச் சீர்கேட்டுக்கு எதிரான குரலாகக் கருதினர். 2003 நவம்பரில் அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயரில் ஜீன் றொபின்சன் ஆயராக அபிடேகம் பெற்றபின் பிளவு ஆழமாயிற்று.

ஆயினும் ஏகாதிபத்திய எதிர்ப்பு என்னும் தோற்றம் ஏகாதிபத்திய எதிர்ப்பாகிவிடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நேற்றால் ஆயர் கொலென்சோ, பலதார மணத்திலுள்ள சூலு மக்கள் மதம்மாறும்போது மனைவியரைக் கைவிடுமாறு வற்புறுத்தலாகாது என வாதிட்டார். 1888 இன் லம்பெத் மாநாடோ பலதாரமுடைய ஆடவருக்கு ஞானஸ்நானம் மறுத்தது. ஆபிரிக்க மக்களின் குடும்ப அமைப்பைக் காட்டுமிராண்டித்தனம் எனப் பழித்து, விக்டோரிய நடுத்தரவர்க்கக் குடும்பத்தைக் கிறித்தவக் குடும்பமென அவர்கள் மேற் சுமத்தியது மிஷனேயே. அச்சுமையை இன்று சுதேச மரபெனத் தாங்குவது வரலாற்றின் முரண்நகையாகும்.

இலங்கையரான நமக்கு இவ்விடயம் புறத்தேயுள்ளதன்று. இலங்கைத் திருச்சபையின் கொழும்பு, குருநாகல் மறைமாவட்டங்கள் கன்ரபெரிப் பேராயருடன் நேரடித் தொடர்புடையவை. அதனினும் முக்கியமானது சட்டம். 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகள் குடியேற்ற ஆட்சி விட்டுச்சென்றவை. ஆண்டோர் 1967 இல் தம் நாட்டிற் கைவிடத் தொடங்கிய சட்டத்தை, ஆளப்பட்ட நாம் 1995 இல் பெண்களையும் உள்ளடக்கும் வகையில் விரித்தோம். 2023 மே மாதம், அப்பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஆயினும் அது சட்டமாகவில்லை. மேலைத்தேயத்திலிருந்து இங்கு இறக்குமதியானது ஒருபால் உறவா, அதைத் தண்டிக்கும் சட்டமா என்ற வினாவுக்குச் சட்டக் கோவையே விடை கூறுகின்றது.

8

முற்போக்காளர் எனப்படுவோரும் இங்குத் தம்மைத் தாமே விசாரித்துக்கொள்ள வேண்டியுளது. 1898 இல் ஜெர்மன் நாடாளுமன்றில் ஒருபால் உறவைத் தண்டிக்கும் சட்டப்பிரிவை நீக்கக் கோரிப் பேசியவர் சமூக ஜனநாயகத் தலைவர் ஓகஸ்ற் பெபெல். 1922 ஆம் ஆண்டின் சோவியத் ரஷ்யத் தண்டனைக் கோவையில் அத்தகைய குற்றம் இடம்பெறவில்லை. 1934 இல் அது மீண்டும் குற்றமாக்கப்பட்டு, முதலாளித்துவச் சீரழிவு என்ற பெயரும் சூட்டப்பட்டது. குடும்பத்தின் வரலாற்றுத் தன்மையை 1884 இல் நிறுவிய எங்கெல்ஸே ஒருபால் உறவு பற்றித் தம் காலத்து முற்சாய்வுகளிலிருந்து விடுபட்டவரல்லர். ஆசான்களின் முறையியலைப் பயன்படுத்தி ஆசான்களின் முற்சாய்வுகளைத் திருத்துவதே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

திருமணமே சொத்துடைமையின் நிறுவனமாயிருக்க, அதனுள் நுழையக் கோருவது விடுதலையாகுமா என்ற ஐயம் நம்மிடையே எழுவதுண்டு. ஐயம் நியாயமானதே. திருமண உரிமை குடும்பத்தின் வர்க்கத் தன்மையை மாற்றிவிடாது. ஆனால் வாக்குரிமை முதலாளித்துவ அரசினை மாற்றிவிடவில்லை என்பதற்காக, வாக்குரிமை மறுக்கப்பட்டோரிடம் அது வேண்டாததென நாம் உபதேசிப்பதில்லை. மணமாகி, வீடும் ஓய்வூதியமும் உரித்தும் பெற்ற ஒருவர், அவை மறுக்கப்பட்ட மற்றொருவரை நோக்கித் திருமணம் பிற்போக்கானதெனக் கூறுவது மார்க்சியமாகாது, அது வசதியாகும்.

குருமார் மணக்கலாமா என்று பதினாறாம் நூற்றாண்டு வினவிற்று. இறந்த மனைவியின் தங்கையை மணக்கலாமா எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வினவிற்று. பெண் குருவாகலாமா என இருபதாம் நூற்றாண்டு வினவிற்று. ஒவ்வொரு முறையும் விடை மாறாதது எனக் கூறப்பட்டது. ஒவ்வொரு முறையும் அது மாறிற்று. ஆனால் மாற்றம் தானாக வரவில்லை. பதவியையும் வீட்டையும் பிழைப்பையும் இழந்தவர்கள் அதற்கு விலை கொடுத்தனர். 1553 இல் மனைவியரைப் பிரியப் பணிக்கப்பட்ட குருமாருக்கு 1604 இன் சட்டம் பயன்படவில்லை. வரலாறு முன்னேறும் என்ற நம்பிக்கை, இடைக்காலத்தில் வாழ்வோரைக் காத்திருக்கச் சொல்வதற்குரிய சாட்டாகிவிடலாகாது.